கேப் மேயில் விக்டோரியா காலத்து வீட்டில் தங்குவது: முதன்முறை போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சி மாநிலத்தின் தெற்கு முனையில், அட்லாண்டிக் கடலும் டெலவேர் விரிகுடாவும் சேரும் இடத்தில் இருக்கிறது கேப் மே. 1976-ல் ஊர் முழுவதையுமே தேசிய வரலாற்றுச் சின்னமாக அமெரிக்க அரசு அறிவித்தது. விக்டோரியா காலத்து வீடுகள் நூற்றுக்கணக்கில் இன்னும் அங்கே நிற்கின்றன. அவற்றில் பல இப்போது பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் விடுதிகள், அதாவது தங்க அறையும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தரும் வீடுகள். எடிசன், பிரின்ஸ்டன், ஜெர்சி சிட்டி பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் கோடையில் கேப் மேக்கு வருகிறார்கள். கடலில் கால் நனைத்துவிட்டு, கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கிவிட்டு, இருட்டுவதற்குள் காரைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு ராத்திரியாவது அந்தப் பழைய வீடுகளில் ஒன்றில் தங்கிவிட்டு வாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, போகலாம் என்று கிளம்புகிறவர்கள் அடுத்துக் கேட்பது எப்போதும் இதுதான்: எப்படி புக் செய்வது, சாப்பாடு ஒத்துவருமா, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? அதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொண்டு போங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விடுதிக்காரர்கள் போடும் விதிகளில் பாதி, அந்த வீட்டின் கதை தெரிந்தால்தான் விளங்கும்.

19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவின் வசதியான குடும்பங்கள் நகரத்து வெக்கைக்குத் தப்பி நீராவிப் படகில் இங்கே வந்து இறங்கின. 1863-ல் ரயிலும் வந்துவிட்டது. கடலோரத்தில் பெரிய பெரிய மர ஹோட்டல்கள் எழுந்தன. 1878 நவம்பரில் ஓஷன் ஹவுஸ் என்ற ஹோட்டலில் பிடித்த தீ, கடல்காற்றில் பரவி ஊருக்கு நடுவே சுமார் 35 ஏக்கரை எரித்துச் சாம்பலாக்கியது. ஊரைத் திரும்பக் கட்டினார்கள். எரிந்துபோன காங்கிரஸ் ஹால் ஹோட்டல் 1879-ல் செங்கல்லில் எழுந்தது, இன்றும் நிற்கிறது. மற்றபடி பெரும்பாலும் மரம்தான். முன்னளவு பிரம்மாண்டமாக இல்லாமல், வராந்தா வைத்த கோடைக்கால வீடுகளாக வரிசை வரிசையாகக் கட்டினார்கள்.

அதற்குள் வடக்கே அட்லாண்டிக் சிட்டி கூட்டத்தை இழுத்துக்கொண்டது. கேப் மேயில் புதிதாகப் பணம் கொட்டவில்லை. அதனாலேயே பழைய வீடுகளை யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவும் இல்லை. பிறகு இடிக்கும் காலம் வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். எம்லன் ஃபிசிக் எஸ்டேட் என்ற 1879-ஆம் ஆண்டு வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே 1970-ல் அங்கே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டில் சிலர் பாழடைந்த வீடுகளை வாங்கிச் சீர்செய்து, அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். 1872-ல் சூதாட்ட விடுதியாகக் கட்டப்பட்ட மெயின்ஸ்டே என்ற வீடு அப்படி பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்டாக மாறிய முதல் வீடுகளில் ஒன்று.

கடலுப்பு மரத்தையும் பெயின்டையும் சும்மா விடாது. இந்த வீடுகளுக்கு ஓயாமல் பராமரிப்பு தேவை. அந்தச் செலவில் பெரும்பங்கு, வந்து தங்குகிறவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் நடக்கிறது. நீங்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கினால், அந்த வீட்டின் கூரையில் உங்கள் பங்கும் கொஞ்சம் சேர்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. வாடகை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கூட்டம். வார இறுதியில் ஒரே ஒரு ராத்திரிக்கு அறை தரமாட்டார்கள். இரண்டு அல்லது மூன்று இரவு எடுக்கவேண்டும் என்பார்கள். பல மாதங்கள் முன்பே அறைகள் நிரம்பிவிடும்.

செப்டம்பர்தான் என் தேர்வு. பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டம் கலைந்திருக்கும், கடல்நீரில் இன்னும் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வலசை போகும் பருந்துகளும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் இந்த முனையில் வந்து கூடுகின்றன. அதைப் பார்க்கவே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வார நாளில் லீவு கிடைத்தால் இன்னும் நல்லது.

டிசம்பரில் வீடுகளையெல்லாம் விக்டோரியா காலத்து முறையில் கிறிஸ்துமஸுக்கு அலங்கரிப்பார்கள். உள்ளே போய்ப் பார்க்க மாலைநேரச் சுற்றுலாவும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பல விடுதிகள் மூடியிருக்கும்.

அறையைத் தேர்ந்தெடுப்பது

இந்த வீடுகளில் ஓர் அறை போல இன்னோர் அறை இருக்காது. பல விடுதிகளில் அறைக்கு எண் இல்லாமல் பெயர்தான் இருக்கும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிடாமல், அந்தக் குறிப்பிட்ட அறையின் விவரத்தை முழுக்கப் படியுங்கள்.

குளியலறையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். இந்த வீடுகள் கட்டப்பட்டபோது அறைக்கு ஒரு குளியலறை என்ற பழக்கமே கிடையாது. மார்பிள் பலகை போட்ட மேசையில் ஜாடியில் தண்ணீரும் பீங்கான் பேசினும் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். குளியலறைகள் எல்லாம் பின்னாளில், கிடைத்த மூலையில் நுழைத்தவை. அதனால் சில அறைகளுக்குக் குளியலறை உள்ளேயே இருக்கும். சிலவற்றுக்கு உங்களுக்கென்று தனியாக இருக்கும், ஆனால் நடைவழியைத் தாண்டிப் போகவேண்டும். சில இடங்களில் பக்கத்து அறையோடு பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஷவர் இல்லாமல், சிங்கத்தின் பாதம் போல் கால் வைத்த இரும்பு பாத்டப் மட்டும் இருப்பதும் உண்டு. அதன் விளிம்பு உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் காலைத் தூக்கி உள்ளே வைக்கச் சிரமப்படுவார்கள். "அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா, நின்று குளிக்கும் ஷவர் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மாடிப்படி. பெரும்பாலான வீடுகளில் லிஃப்ட் கிடையாது. உச்சி மாடி அறைகள் ஒரு காலத்தில் வேலைக்காரர்கள் படுத்த அறைகளாக இருந்திருக்கும். படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும், சாய்ந்த கூரை தலையில் இடிக்கப் பார்க்கும். வாடகை குறைவு, பலகணியிலிருந்து பார்க்க அழகு, இளவயதுக்காரர்களுக்குச் சரியாக இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் தரைத்தள அறை கேளுங்கள். கட்டில்களும் உயரம், சில கட்டில்களில் ஏற சிறிய மரப்படி வைத்திருப்பார்கள்.

குழந்தைகள் விஷயம். பல விடுதிகள் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்பதில்லை. ஓர் அறையில் இரண்டு பேர்தான் என்பதும் பொதுவான விதி. சுவர்கள் மெல்லியவை, சுற்றிலும் நூறு வருடப் பீங்கானும் கண்ணாடியும். கைக்குழந்தையோடு போய் ராத்திரி முழுவதும் பயந்துகொண்டே இருப்பதில் என்ன சுகம் இருக்கிறது? சின்னப் பிள்ளைகள் இருந்தால் காங்கிரஸ் ஹால் போன்ற பெரிய ஹோட்டலில் தங்குங்கள், அதுவும் பழைய கட்டடம்தான். இல்லையென்றால் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, வீடு முழுவதையும் வாடகைக்கு விடும் இடமாகப் பாருங்கள்.

போன் செய்து பேசுங்கள்

இணையத்தில் இரண்டு தட்டு தட்டினால் அறை பதிவாகிவிடும். ஆனாலும் போனில் பேசுவதையே நான் சொல்வேன். எடுத்துப் பேசுபவர் பெரும்பாலும் அந்த வீட்டை நடத்துகிறவராகவே இருப்பார். எந்த அறை யாருக்குச் சரிப்படும் என்று அவருக்குத் தெரியும். பணம், ரத்து செய்யும் விதி, கார் நிறுத்துமிடம் இந்த மூன்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். முன்பணமாக ஒரு இரவு வாடகையோ அதற்கு மேலோ வாங்குவார்கள். ரத்து செய்வதானால் பல இடங்களில் இரண்டு வாரம் முன்பாகவே சொல்லவேண்டும். ஆறேழு அறை மட்டுமே உள்ள வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தால் அவர்களுக்கு அது பெரிய இழப்பு. காட்டும் வாடகைக்கு மேல் 6.625 சதவீத விற்பனை வரியும், தங்குவதற்கென்று மாநிலமும் ஊரும் வாங்கும் வரிகளும் சேரும். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசவேண்டியதும் அந்தப் போனில்தான். காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடக்கம். ஆனால் மெனு பெரும்பாலும் அன்றைக்கு ஒன்றுதான். முட்டையும் சீஸும் சேர்த்துச் சுட்ட கீஷ், பிரெஞ்சு டோஸ்ட், பக்கத்தில் பன்றி இறைச்சி பேக்கன் அல்லது சாசேஜ், ஸ்கோன், பழங்கள் என்று இருக்கும். நாம் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் பேக்கனை எடுத்துவிட்டு முட்டையை வைப்பார்கள். அமெரிக்காவில் முட்டை சைவத்துக்குள் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் "முட்டையும் வேண்டாம், பேன்கேக், கேக் மாவில் கலந்த முட்டையும் வேண்டாம்" என்று விளக்கிச் சொல்லவேண்டும். கூடவே என்ன சாப்பிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்: ஓட்ஸ் கஞ்சி, வறுத்த உருளைக்கிழங்கு, டோஸ்ட், தயிர், பழம். விடுதிக்காரருக்கு அது பெரிய உதவி. போவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு முறை நினைவூட்டுங்கள். முன்கூட்டியே சொன்னால் அக்கறையாகச் செய்து தருவார்கள். காலையில் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியில் என்ன எடுத்துவைப்பது

சிறிய பெட்டி. இதைவிட முக்கியமான ஆலோசனை கிடையாது, அந்தப் படிகளில் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். சுவரில் பிளக் பாயின்ட் குறைவாக இருக்கும், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு எடுத்துப்போங்கள். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர்கள் காதுப்பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மரத்தரை, மேல்மாடியில் யார் நடந்தாலும் முனகும்.

எடுத்துப்போகக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எதையும் அறையில் ஏற்றக்கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் பழக்கம் உள்ளவர்கள் பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தீயில் ஊரின் நடுப்பகுதியையே இழந்த ஊர் அது. வீடெல்லாம் காய்ந்த பழைய மரம். இந்த விதியில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள், புதிதாக மருதாணி இட்டவர்கள், தலையணைமேல் விரிக்க ஒரு பழைய துண்டு எடுத்துப்போங்கள். வரவேற்பறை நாற்காலிகளில் தலை சாயும் இடத்தில் சரிகைப் பின்னல் துணி விரித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் காலத்து ஆண்கள் தலையில் பூசிய மக்காசர் எண்ணெய் நாற்காலித் துணியில் ஒட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதில் தேங்காய் எண்ணெயும் சேர்ந்திருந்தது. ஆக, எண்ணெய்த் தலை இந்த வீடுகளுக்குப் புதிதல்ல.

போய்ச் சேரும் நாள்

கார்டன் ஸ்டேட் பார்க்வே கேப் மேயில்தான் தொடங்குகிறது. அதன் பூஜ்யமாவது மைல் அங்கேதான். எடிசனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், பிலடெல்பியாவிலிருந்து ஒன்றரை மணி. கோடை வெள்ளிக்கிழமை மாலை என்றால் இந்தக் கணக்கை நம்பவேண்டாம், மதியத்துக்கு முன்பே புறப்படுங்கள். கார் இல்லாதவர்களுக்கு நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்திலிருந்து 319-ஆம் எண் நியூ ஜெர்சி டிரான்சிட் பஸ் இருக்கிறது. ஊருக்குள் எல்லாம் நடக்கும் தூரம்தான்.

அறை தருவது பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். ராத்திரி முழுக்க ஆள் இருக்கும் கவுன்டர் இங்கே கிடையாது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள், தாமதமானால் வழியிலேயே போன் செய்யுங்கள். தெரிந்தவர் வீட்டுக்குப் போகும்போது எப்படிச் சொல்லிக்கொண்டு போவோமோ அப்படி. வந்ததும் விடுதிக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். களைப்பாக இருந்தாலும் கூடவே நடங்கள். வாசல் சாவி, காலைச் சாப்பாட்டு நேரம், மாலை டீ, கடற்கரைக்கு எடுத்துப்போக நாற்காலி, துண்டு எல்லாம் அப்போதுதான் சொல்வார்.

பீச் டேக் இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை கேப் மே கடற்கரையில் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இறங்க அந்த அட்டை வேண்டும், விலைக்கு வாங்கவேண்டும். பல விடுதிகள் தங்குபவர்களுக்கு அதை இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு நேரம் கொடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அறையில் பெட்டியை வைத்துவிட்டு நாள் முழுக்க வெளியே சுற்றுவதென்றால் நெடுஞ்சாலையோர மோட்டலே போதும். ஒரு மாலையையாவது வீட்டுக்குள்ளேயே கழியுங்கள்.

வராந்தாவில் ஆடும் நாற்காலியில் உட்காருங்கள். ஏசி இல்லாத காலத்தில் கடல்காற்றைப் பிடிக்கக் கட்டிய இடம் அது. கதவுகளுக்கு மேலே பார்த்தால் திறந்து மூடும் சிறிய ஜன்னல் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டாலும் காற்று அறைக்கு அறை போக அது வழிவிட்டது. உயரமான கூரையும் அதற்குத்தான். வரவேற்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் சுவருக்குள் நழுவி மறையும் கதவுகளைத் தேடிப் பாருங்கள். கூரையில் தொங்கும் விளக்குகளில் சில ஒரு காலத்தில் கேஸில் எரிந்து பின்னாளில் மின்சாரத்துக்கு மாறியவை.

வெளியே வந்து தெருவிலிருந்து வீட்டைப் பாருங்கள். வராந்தா விளிம்பிலும் கூரை முனையிலும் மரத்தில் நெய்த பின்னல் மாதிரி வேலைப்பாடு இருக்கும். நீராவியில் ஓடும் இழைவாள் இயந்திரம் வந்தபிறகு இப்படிப்பட்ட வேலை மலிவானது. நடுத்தர வீடுகளுக்கும் அந்த அலங்காரம் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஜாக்சன், ஹியூஸ், கொலம்பியா தெருக்களில் காலையில் ஒரு நடை நடந்தால், இறவாணத்துக்குக் கீழே கொக்கி கொக்கியாகத் தாங்குகட்டை வைத்த வீடு, மேலே சரிந்த மன்சார்டு கூரைக்குள் ஒரு மாடியையே ஒளித்த வீடு, மூலையில் கோபுரம் முளைத்த வீடு என்று கண் தானாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

முடிந்தால் முதல் நாளே ஃபிசிக் எஸ்டேட்டுக்குப் போய்விடுங்கள். இப்போது அது அருங்காட்சியகம், 18 அறைகள். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸ் வடிவமைத்தது என்று கருதப்படுகிறது. வழிகாட்டி ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய், அங்கே யார் என்ன செய்தார்கள் என்று விளக்குவார். அதைக் கேட்டுவிட்டு உங்கள் விடுதிக்குத் திரும்பினால் அங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

கலங்கரை விளக்கம் 1859-ல் கட்டியது, 199 படி. சன்செட் பீச்சில் கூழாங்கல் பொறுக்கலாம், சூரியன் விரிகுடாவில் இறங்குவதைப் பார்க்கலாம். இவற்றைப் பற்றி எல்லாச் சுற்றுலாக் குறிப்பிலும் இருக்கும்.

காலை மேசை

சில விடுதிகளில் தனித்தனி மேசை, சிலவற்றில் எல்லோருக்கும் ஒரே நீள மேசை. முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள், முன்பு வந்திருக்கிறீர்களா என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்; இரண்டு வார்த்தை பதில் சொன்னால் போதும், பேச்சு தானாக நடக்கும். விடுதிக்காரரிடம் "இந்த வீட்டை முதலில் கட்டியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லக் காத்துக்கொண்டிருக்கும் கதை அது. சொன்ன நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுங்கள், சூடாகப் பரிமாறுவதற்காக நேரம் பார்த்துச் சமைத்திருப்பார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பேச்சையும் போனையும் அடக்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வீடியோ கால் பேசவேண்டும் என்றால் காலையில் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசலாம். ஏதாவது உடைந்தாலோ கறை பட்டாலோ உடனே சொல்லிவிடுங்கள். கறையை உடனே எடுத்துவிடலாம், இரண்டு நாள் ஆனால் அந்தத் துணியே போய்விடும்.

கிளம்பும்போது

அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு நாளுக்குச் சில டாலர் என்று ஒரு உறையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். வீட்டை நடத்தும் உரிமையாளருக்கு டிப்ஸ் கொடுப்பதில்லை. விருந்தினர் புத்தகத்தில் நாலு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம். அறையைக் காலை பத்து, பதினொரு மணிக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். அதன்பிறகும் காரை அங்கேயே நிறுத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்வரலாமா என்று கேட்டால், இடம் இருக்கும் நாட்களில் பலர் சரி என்பார்கள்.

வாஷிங்டன், பால்டிமோர் பக்கம் திரும்புகிறவர்கள் வந்த வழியே போகவேண்டியதில்லை. 1964 முதல் கேப் மேக்கும் டெலவேரின் லூயிஸுக்கும் இடையே கார் ஏற்றிச் செல்லும் ஃபெரி ஓடுகிறது. 17 மைல், சுமார் 85 நிமிடம். கோடை வார இறுதியில் காருக்கு இடம் கிடைப்பது கஷ்டம், அறையைப் பதிவு செய்யும் அன்றே ஃபெரியையும் பதிவு செய்துவிடுங்கள்.